ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டாமல் இருக்க: கலிபோர்னியாவில் கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்க ஐந்து வழிகள்

சமையலறையை இடித்துப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பெயரே கேள்விப்படாத ஒரு பிளம்பிங் சாமான் கம்பெனியிடமிருந்து சர்டிஃபைட் தபால் வரும். உங்கள் வீட்டு வேலைக்கு நாங்கள் குழாய் கொடுத்திருக்கிறோம், பணம் வராவிட்டால் உங்கள் சொத்தின் மேல் மெக்கானிக்ஸ் லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதியும் பற்றுரிமை) பதிய எங்களுக்கு உரிமை உண்டு என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கும். இதைப் பார்த்ததும் நம்மவர்களில் ஒரு சாரார் பதறிப்போய் கான்ட்ராக்டரோடு சண்டைக்கு நிற்பார்கள். இன்னொரு சாரார் விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போடுவார்கள். நான் இரண்டாவது ரகம். முதல் கடிதத்தை மளிகைக் கூப்பன்களோடு சேர்த்துக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது கடிதம் வந்தபோதுதான் உட்கார்ந்து படித்தேன்.

அதன் பிறகு வீட்டு வேலை தொடங்குகிற நண்பர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பணத்தை எப்படிக் கொடுக்கிறது? கான்ட்ராக்டர் ஒன்று சொல்கிறார், வங்கி ஒன்று சொல்கிறது, ஆபீஸில் ஒருத்தர் பாண்ட் (பிணைப் பத்திரம்) வாங்கு என்கிறார்." இந்தக் கட்டுரை அந்தக் குழப்பத்துக்காக. கலிபோர்னியாவில், குடியிருக்கும் வீட்டில் வேலை செய்கிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு.

## லீன் என்ன செய்யும்?

நம்மூரில் வீடு கட்டும்போது மேஸ்திரி செங்கல் சூளைக்கோ ஹார்டுவேர் கடைக்கோ பாக்கி வைத்தால் அது அவர்களுக்குள் தீர வேண்டிய விவகாரம். கடைக்காரர் நம் வாசலில் வந்து சத்தம் போடலாம், வீட்டின் மேல் கை வைக்க முடியாது. கலிபோர்னியாவில் வைக்க முடியும். வேலை செய்தவருக்கும் சாமான் கொடுத்தவருக்கும் அந்தச் சொத்தின் மேலேயே பற்றுரிமை உண்டு என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு 1791இல் மேரிலாந்தில் தொடங்கியது. புதுத் தலைநகரான வாஷிங்டனைக் கட்ட வருகிற கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் கூலி கிடைக்கும் என்ற தைரியம் வேண்டும் என்பதற்காக வந்த சட்டம் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமையலறையும் இரண்டு குளியலறையும் சேர்த்து 90,000 டாலர் வேலை. முழுப் பணத்தையும் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவர் பிளம்பருக்குத் தர வேண்டிய 14,000 டாலரை வேறொரு வீட்டு வேலையின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்திவிட்டு, போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். பிளம்பர் உங்கள் வீட்டின் மேல் 14,000 டாலருக்கு லீன் பதியலாம். வழக்குப் போட்டு வீட்டை விற்றுத் தரச் சொல்லலாம். அந்த நிலைக்குப் போவது குறைவுதான். ஆனால் லீன் பதிவில் நிற்கிறவரை வீட்டை விற்பதும் மறுகடன் வாங்குவதும் முடங்கிப்போகும். "நான் கான்ட்ராக்டருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டேன்" என்பது இங்கே பதிலாகாது. 90,000 டாலர் வேலை 1,04,000 டாலரில் முடியும்.

ஒப்பந்தத்தில் "யாரும் லீன் போடக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. செல்லாது. நீங்களும் கான்ட்ராக்டரும் போட்ட ஒப்பந்தம் பிளம்பரின் உரிமையைப் பறிக்காது.

அந்தச் சர்டிஃபைட் கடிதத்துக்குப் பெயர் பிரிலிமினரி நோட்டீஸ். அது லீன் இல்லை. உங்களோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத சப் கான்ட்ராக்டரும் சாமான் கடைக்காரரும் வேலை தொடங்கிய 20 நாளுக்குள் அனுப்ப வேண்டிய அறிவிப்பு. பிந்தி அனுப்பினால் அதற்கு முந்தைய 20 நாள் வேலைக்கும் அதற்குப் பிறகான வேலைக்கும் மட்டுமே உரிமை. அனுப்பவே இல்லையென்றால் லீன் இல்லை. தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தபாலில் சேர்த்த அன்றே அறிவிப்பு கொடுத்ததாகக் கணக்கு. சொல்லப்போனால் ஒழுங்கான கம்பெனிகள்தான் தவறாமல் அனுப்புகின்றன. கடிதம் வருவது நல்ல சகுனம் என்றே இப்போது எடுத்துக்கொள்கிறேன். யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்ற பட்டியலை உங்களுக்கு இலவசமாகத் தயாரித்துக் கொடுக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, கான்ட்ராக்டர் பணத்தைத் திசைதிருப்பினால் நான் மறுபடி கட்ட வேண்டி வருமா என்பது. இரண்டாவது, வாராவாரம் யார் காகிதம் பார்ப்பது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்றாவது செலவு. விலைப்பட்டியலில் தெரிகிற கட்டணத்தோடு தாமதம், உறவுக் கசப்பு, உங்கள் விடுமுறை நாள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான்காவது, நல்ல கான்ட்ராக்டர் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பாரா? ஊரே தேடுகிற ஆளிடம் ஓரளவுக்குத்தான் நிபந்தனை போட முடியும். ஐந்தாவது, வேலை பாதியில் நின்றால் மிச்சத்தை முடிக்கக் கையில் பணம் இருக்குமா?

எந்த வழியில் போனாலும் மாறாத சில விதிகள் உண்டு. மாநிலக் கான்ட்ராக்டர் உரிம வாரியத்தின் தளத்தில் உரிம எண்ணைத் தட்டிப் பாருங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் முன்பணம் 1,000 டாலர் அல்லது தொகையில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். 90,000 டாலர் வேலைக்கும் முன்பணம் 1,000தான். அதன் பிறகும், முடிந்த வேலையின் மதிப்புக்கும் இறங்கிய சாமானின் மதிப்புக்கும் மேல் வாங்கக் கூடாது. "30 சதவீதம் அட்வான்ஸ், எல்லோரும் அப்படித்தான் தருகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்று பொருள். இதில் ஒரு விலக்கு உண்டு. தன் எல்லா வேலைகளுக்கும் சேர்த்து வாரியம் ஏற்ற மொத்த பாண்ட் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகள்.

இன்னொன்று. "எனக்கு 25,000 டாலர் பாண்ட் இருக்கிறது" என்று கான்ட்ராக்டர் சொல்வது உரிமத்துக்காக எல்லோரும் கட்டாயம் வைத்திருக்கும் பாண்ட். அவருடைய எல்லா வேலைகளுக்கும், குறை சொல்லும் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரே தொகை. லீனிலிருந்து உங்களைக் காப்பதற்கு அது போதாது.

## 1. கட்டம் கட்டமாகப் பணம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ரிலீஸ் படிவம்

பெரும்பாலானோருக்கு அடித்தளமாக இருக்க வேண்டியது இதுதான். ஒப்பந்தத்தில் இடிப்பு, ரஃப் பிளம்பிங்கும் வயரிங்கும், சுவர்ப் பலகை, கேபினெட், டைல்ஸ், இறுதி ஆய்வு என்று கட்டம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதுங்கள். ஒவ்வொரு காசோலைக்கும் எதிரே, லீன் உரிமையை விட்டுக்கொடுக்கும் கையெழுத்தான ரிலீஸ் படிவம் வாங்குங்கள்.

படிவம் நான்கு வகை. நான்கின் வாசகமும் சட்டத்திலேயே இருக்கிறது. கான்ட்ராக்டர் தானே தட்டச்சு செய்து கொண்டுவரும் "பணம் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை" ரசீதுக்கு லீன் விஷயத்தில் மதிப்பில்லை. இடைக்காலப் பணத்துக்கு நிபந்தனையுள்ளது, நிபந்தனையற்றது என்று இரண்டு. கடைசிப் பணத்துக்கும் அதே மாதிரி இரண்டு. நிபந்தனையுள்ள படிவம், பணம் உண்மையில் கைக்கு வந்தால்தான் என் உரிமையை விடுகிறேன் என்கிறது. நிபந்தனையற்றது, கையெழுத்துப் போட்ட கணத்திலேயே உரிமை போய்விட்டது என்கிறது. ஆகவே வரிசை இப்படி: பணம் கொடுக்கும் முன் நிபந்தனையுள்ளதை வாங்குங்கள். காசோலை வங்கியில் தேறிய பிறகு, அடுத்த தவணைக்கு முன், போன தவணைக்கான நிபந்தனையற்றதை வாங்குங்கள். பணம் தராமலே நிபந்தனையற்றதைக் கேட்பது நியாயமில்லை, நல்ல ஆள் தரவும் மாட்டார்.

எல்லோரும் தவறுகிற இடம் எது தெரியுமா? கான்ட்ராக்டரிடம் மட்டும் படிவம் வாங்குவது. உங்களுக்குக் கடிதம் அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் வர வேண்டும். பிளம்பரிடம் வாங்கினால் பிளம்பருக்குக் குழாய் விற்ற கம்பெனியின் உரிமை போகாது. அந்தக் கம்பெனியும் கடிதம் அனுப்பியிருந்தால் அதன் படிவமும் வேண்டும். படிவத்தில் "எந்தத் தேதிவரை" என்ற கட்டத்தைப் பாருங்கள். இடைக்காலப் படிவம் பிடித்தம் செய்த தொகையையும், இன்னும் பணம் தராத கூடுதல் வேலையையும் விடுவிக்காது. கூடுதல் வேலை நடந்திருந்தால் அதற்கு உடனே எழுத்தில் விலை பேசி அதே தவணையில் தீர்த்துவிடுங்கள்.

20 நாள் இடைவெளிதான் இந்த வழியின் ஓட்டை. முதல் நாள் சாமான் இறக்கிய கடை 20ஆம் நாள் கடிதம் அனுப்பலாம். நீங்கள் 8ஆம் நாளே அந்தக் கட்டத்துக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள். இதற்கு மருந்து, யார் யார் வேலை செய்கிறார்கள், எங்கே சாமான் வாங்குகிறார் என்ற பட்டியலை ஒப்பந்தம் போடும்போதே வாங்கிக்கொள்வது. தினக்கூலிக்கு வருகிற தொழிலாளிக்கு இந்தக் கடிதக் கட்டாயமே இல்லை. அவருக்குக் கூலி போகவில்லையென்றால் கடிதம் இல்லாமலே லீன் உரிமை உண்டு. வேலைக்கு வருகிறவர்களோடு காபி குடித்துப் பேசுவதில் இந்த லாபமும் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் "பத்து சதவீதம் பிடிச்சு வை, போதும்" என்பார். கனடாவின் ஒன்டாரியோவில் அவர் சொல்வது சரி. அங்கே சட்டப்படி 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, லீன் காலம் கழிந்த பிறகு கொடுத்தால், எழுத்தில் லீன் அறிவிப்பு வராத வரை சப் கான்ட்ராக்டர்களுக்கான உங்கள் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பத்தோடு நிற்கும். கலிபோர்னியாவில் அப்படி ஓர் எல்லை இல்லை. 9,000 டாலர் பிடித்து வைத்திருந்தாலும் 14,000 டாலர் லீன் வந்தால் மீதி 5,000 உங்கள் தலையில். பிடித்தம் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

செலவு? பணமாக எதுவுமில்லை. மாதத்துக்கு இரண்டு மாலைகள், ஒரு கோப்பு, கொஞ்சம் விடாப்பிடி. நல்ல கான்ட்ராக்டர்கள் முகம் சுளிக்காமல் தருவார்கள், பெரிய கட்டடங்களில் அவர்களுக்கு இது தினசரி வேலை. படிவம் என்றதும் கோபப்படுகிற ஆளைப் பற்றி வேலை தொடங்கும் முன்பே ஒன்று தெரிந்துகொண்டீர்கள்.

## 2. கூட்டுக் காசோலை

ஒரே காசோலையில் கான்ட்ராக்டர் பெயரும் பிளம்பர் பெயரும். இருவரும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டால்தான் பணமாகும். வீட்டு ஒப்பந்தத்தோடு சட்டப்படி தர வேண்டிய லீன் எச்சரிக்கைப் பக்கத்திலேயே இந்த வழி எழுதியிருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதன் பலம் 1977இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பில் இருக்கிறது. சாமான் கடைக்காரர் கூட்டுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பணத்தை எப்படிப் பிரிப்பது என்று தனி உடன்பாடு இல்லாதவரை, அந்தக் காசோலைத் தொகை அளவுக்குத் தன் பாக்கியைப் பெற்றுவிட்டதாகவே கொள்ளப்படும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை மறுபடி மற்றவர் கையிலேயே விட்டிருந்தாலும் அது அவர் பாடு. ரிலீஸ் படிவத்தைத் துரத்தி வாங்குவதைவிட இது உறுதியான பிடி.

இதிலும் ஒரு பொடி விஷயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டு பெயருக்கும் நடுவே ஆங்கிலத்தில் "அண்ட்" என்ற சொல்லை முழுதாக எழுத வேண்டும். சாய்கோடு போட்டால் அல்லது "ஆர்" என்று எழுதினால் இருவரில் யாராவது ஒருவரே மாற்றிக்கொள்ளலாம். இத்தனை நாள் பாடுபட்டதும் ஒரு கோட்டில் போச்சு.

மறைந்திருக்கும் செலவு தாமதம்தான். போன் செயலியில் படம் எடுத்துப் போட்டால் வங்கிகள் பெரும்பாலும் ஏற்காது. இருவரும் நேரில் கையெழுத்துப் போட்டுக் கிளைக்குப் போக வேண்டும். பிளம்பரின் தொகை என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிடுவதால், தன் லாபம் வெளியே தெரிகிறதே என்று கான்ட்ராக்டருக்குச் சங்கடம். எல்லாத் தவணைக்கும் இப்படிக் கேட்டால் உறவு கசக்கும். ஆகவே பெரிய தொகை நிற்கிற இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வையுங்கள். அதையும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள், நடுவில் திடீரென்று கேட்காதீர்கள்.

"கான்ட்ராக்டரை விட்டுவிட்டு நேராகப் பிளம்பரிடமே கொடுத்துவிட்டால் என்ன?" கொடுக்கலாம், ஆனால் அந்தத் தொகையைக் கான்ட்ராக்டர் தன் கணக்கில் கழிக்க எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரே எனக்கும் கொடு என்று வருவார். இரண்டு முறை கட்டுவதைத் தவிர்க்கப் போய், இன்னொரு வாசல் வழியாக அங்கேயே வந்து நிற்பீர்கள்.

## 3. பேமென்ட் பாண்ட்

கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்குப் பணம் தராவிட்டால் ஒரு பிணைக் கம்பெனி தரும். ஒப்பந்தத் தொகையில் பாதிக்குக் குறையாத பாண்டை, ஒப்பந்தத்தோடு சேர்த்து, வேலை தொடங்கும் முன் கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் நிலைமையே மாறுகிறது. லீன் வந்தாலும் கான்ட்ராக்டருக்கு நீங்கள் இன்னும் தர வேண்டிய பாக்கி அளவுக்குள் உங்கள் பொறுப்பை நீதிமன்றம் சுருக்கலாம். மீதி கான்ட்ராக்டர் மேலும் பிணைக் கம்பெனி மேலும் போகும். இந்த ஐந்தில் உங்களைச் சட்டப்படி அதிகம் காப்பது இதுதான். வேலை தொடங்கிய மறுநாள் பதிந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. கடப்பாரை விழும் முன் பதிந்திருக்க வேண்டும்.

விலை வழக்கமாக ஒப்பந்தத் தொகையில் 1 முதல் 3 சதவீதம். 90,000 டாலர் வேலைக்கு 900 முதல் 2,700 வரை. அது எப்படியும் உங்கள் பில்லில்தான் வரும். பெரிய தடை விலையில் இல்லை. பிணைக் கம்பெனி கான்ட்ராக்டரின் கணக்கு வழக்கு, கடன் வரலாறு எல்லாம் பார்த்துத்தான் பாண்ட் தரும். இரண்டு லாரியும் நான்கு ஆட்களும் வைத்துக்கொண்டு அருமையாக வேலை செய்கிற பலருக்குப் பாண்ட் கிடைக்காது. பாண்ட் கட்டாயம் என்றால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்களின் பட்டியலே சுருங்கி, விலையும் கூடும். நான் கவனித்தவரை, கேட்பதிலேயே ஒரு பயன் இருக்கிறது: "என்னால் வாங்க முடியும், ஆனால் இவ்வளவு ஆகும்" என்று சொல்கிறவருக்கும் பேச்சை மாற்றுகிறவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இது பணப் பாக்கிக்கான பாண்ட். வேலையை முடித்துத் தருவதற்கான பாண்ட் தனி. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## 4. நடுவில் ஒரு பண நிர்வாகக் கம்பெனி

ஃபண்ட் கன்ட்ரோல் அல்லது ஜாயிண்ட் கன்ட்ரோல் என்பார்கள். வேலைக்கான பணத்தை அவர்களிடம் வைக்கிறீர்கள். பில் வந்ததும் ரிலீஸ் படிவங்களைச் சரிபார்த்து, சப் கான்ட்ராக்டருக்கும் கடைக்கும் அவர்களே பட்டுவாடா செய்கிறார்கள். முதல் இரண்டு வழிகளில் நீங்கள் செய்கிற குமாஸ்தா வேலையை இங்கே காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

கட்டுமானக் கடன் தரும் வங்கி சில சமயம் இதைக் கட்டாயமாக்கும். அப்போது பேச்சில்லை. நீங்களாகத் தேர்ந்தெடுப்பதென்றால், சிறு வேலைக்கு அந்தக் கட்டணமே உறுத்தும். பணமும் முன்கூட்டியே உங்கள் கையை விட்டுப் போகிறது. அவர்கள் பார்ப்பது காகிதத்தை. டைல்ஸ் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். கான்ட்ராக்டர் தானே சிபாரிசு செய்கிற கம்பெனியை மட்டும் எடுக்காதீர்கள். இந்தியாவில் இருந்துகொண்டு இங்குள்ள வீட்டை வேலை செய்விக்கிறவர்களுக்கு இது நல்ல வழி.

## 5. சாமானை நாமே வாங்குவது, அல்லது நாமே கான்ட்ராக்டர் ஆவது

இது உண்மையில் இரண்டு வழி. நண்பர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, பெரிய சாமான்களை மட்டும் நேரடியாக வாங்குவது. கேபினெட் கடை 50 சதவீத முன்பணம் கேட்கும். அதைக் கான்ட்ராக்டர் வழியாகக் கொடுக்கப் போனால் முன்பணச் சட்டத்தில் இடிக்கும், பணம் கடைக்குப் போனதா என்றும் தெரியாது. 17,000 டாலர் கேபினெட்டை நீங்களே கடையில் ஆர்டர் செய்து பணம் கட்டினால் அந்தத் தொகைக்கு லீன் பயம் தீர்ந்தது. கடை சாமானை மட்டும் விற்கிறதா, பொருத்தியும் தருகிறதா என்று பாருங்கள். பொருத்தித் தந்தால் அதுவும் கான்ட்ராக்டர் வேலை. உரிமம் வேண்டும், முன்பண வரம்பும் அதற்குப் பொருந்தும்.

மறைந்த செலவு இங்கே கொஞ்சம் கனம். கதவு ஒன்று அளவு மாறி வந்தால் யார் பொறுப்பு? கடைக்காரர் அளவெடுத்தவரைக் காட்டுவார், அளவெடுத்தவர் கடைக்காரரைக் காட்டுவார். சாமான் பிந்தினால் ஆட்கள் சும்மா உட்கார்ந்த நாளுக்குக் கான்ட்ராக்டர் பில் போடலாம். அவருக்குக் கிடைக்கும் வியாபாரத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. கேபினெட், ஜன்னல், அடுப்பு, கல் என்று எண்ணி நான்கைந்து சாமானோடு நிறுத்திக்கொண்டால் இது அருமையான வழி. ஆணியும் பலகையும்கூட நானே வாங்குவேன் என்று இறங்கினால் சனி, ஞாயிறு எல்லாம் ஹோம் டிப்போ வரிசையில் கழியும்.

இரண்டாவது, பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே எடுத்து, எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் என்று தனித்தனியாக ஒப்பந்தம் போடுவது. கான்ட்ராக்டரின் லாபத்தை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசையில் பலர் இதற்குப் போகிறார்கள். நேரடியாகப் பணம் கொடுப்பதால் நடுவில் யாரும் தின்றுவிட மாட்டார்கள் என்பது சரி. ஆனால் பிளம்பருக்குப் பின்னால் இருக்கும் குழாய்க் கம்பெனிக்கு லீன் உரிமை இன்னும் இருக்கிறது, ரிலீஸ் வேலை குறையவில்லை. உரிமம் இல்லாத ஆளைக் கூலிக்கு வைத்தால் நீங்கள் முதலாளி ஆகிவிடுகிறீர்கள்: தொழிலாளர் விபத்துக் காப்பீடு, சம்பள வரி எல்லாம் உங்கள் பொறுப்பு. ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் லீன் எவ்வளவோ மேல் என்று தோன்றிவிடும். "பெர்மிட்டை நீங்களே எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்று கான்ட்ராக்டரே சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | இரட்டைப் பண ஆபத்து | உங்கள் உழைப்பு | செலவு | கான்ட்ராக்டர் சம்மதம் |
|---|---|---|---|---|
| கட்டத் தவணை + ரிலீஸ் | குறையும். 20 நாள் ஓட்டை உண்டு | அதிகம் | இல்லை | எளிது |
| கூட்டுக் காசோலை | பெயர் உள்ளவருக்கு அநேகமாகத் தீரும் | நடுத்தரம் | தாமதம் | கொஞ்சம் பேச வேண்டும் |
| பேமென்ட் பாண்ட் | மிகக் குறைவு, முன்பே பதிந்தால் | தொடக்கத்தில் மட்டும் | 1–3 சதவீதம் | சிறியவர்களுக்குக் கடினம் |
| பண நிர்வாகக் கம்பெனி | குறைவு | குறைவு | கட்டணம், முடங்கும் பணம் | பழக்கமிருந்தால் எளிது |
| சாமான் நேரடிக் கொள்முதல் | அந்தச் சாமானுக்கு இல்லை | நடுத்தரம் | பொறுப்புச் சிக்கல் | பெரும்பாலும் எளிது |

## யாருக்கு எது?

ஒரு குளியலறை, 18,000 டாலர், இரண்டே பேர் வேலை: முதல் வழி போதும். கடிதம் அனுப்பியவர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு கூட்டுக் காசோலை. பாண்ட் பேச்சே எடுக்காதீர்கள், சிரிப்பார்கள்.

90,000 டாலர் சமையலறை: முதல் வழியை அடித்தளமாக வைத்து, பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவருக்கும் கூட்டுக் காசோலை, கேபினெட்டையும் கல்லையும் நேரடியாக வாங்குவது. நான் செய்தது இதுதான், மறுபடி செய்தாலும் இதையே செய்வேன். மொத்தத் தொகையில் பாதிக்குமேல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கான்ட்ராக்டரின் கையில் தனியாகச் சேர்கிற பணம் அவருடைய சொந்தக் கூலியும் லாபமும் சிறு சாமான்களும்தான்.

மாடி எடுத்துக் கட்டுவது, பின்கட்டில் தனி வீடு என்று 3,00,000 டாலரைத் தாண்டினால் பாண்டுக்கு விலை கேளுங்கள். 1.5 சதவீதம் என்றால் 4,500 டாலர். பத்துப் பன்னிரண்டு சப் கான்ட்ராக்டர்கள் வருகிற வேலையில் அது மலிவு. பாண்ட் கிடைக்காத ஆளையே வைக்க விரும்பினால் பண நிர்வாகக் கம்பெனி. ஒப்பந்தத்தை ஒரு கட்டுமான வழக்கறிஞர் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கான காசையும் இந்த அளவு வேலையில் ஒதுக்குங்கள்.

"ரொக்கமாகத் தந்தால் பத்து சதவீதம் குறைக்கிறேன்" என்ற ஆறாவது வழியும் உண்டு. அதை இங்கே எடைபோடவில்லை.

## கடைசிக் காசோலைக்கு முன்

வேலை முடிந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன் என்ற படிவத்தைக் கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதியாவிட்டால் எல்லோருக்கும் லீன் பதிய 90 நாள் இருக்கும். பதிந்தால் சப் கான்ட்ராக்டருக்கும் கடைக்காரருக்கும் 30 நாள், நேரடிக் கான்ட்ராக்டருக்கு 60 நாள் என்று சுருங்கும். பிடித்து வைத்த தொகையை வேலை முடிந்து 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் பிந்தினால் மாதத்துக்கு 2 சதவீதம் கூடுதலாகத் தர நேரும். 15ஐயும் 30ஐயும் கூட்டிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே பதிந்துவிட்டால், மற்றவர்களின் 30 நாள் கழிந்த பிறகும் பிடித்தத்தைக் கொடுக்க ஒரு வாரம் கையில் இருக்கும். ஏதாவது வேலை சரியில்லை என்ற தகராறு இருந்தால், அந்தத் தகராறு மதிப்பில் 150 சதவீதம் வரை நிறுத்திவைக்கலாம். மீதியைக் கொடுத்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் லீன் வந்துவிட்டால் பதறாதீர்கள். பதிந்தவர் 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த லீன் செத்தது. செத்த பிறகும் பதிவேட்டில் பெயர் நிற்கும்; நீக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, 10 நாளில் நீக்காவிட்டால் நீதிமன்றத்தில் மனு போடலாம். ஜெயித்தால் வக்கீல் செலவும் எதிர்த் தரப்பிடமிருந்து கிடைக்கும். அதற்குள் வீட்டை விற்றே ஆக வேண்டும் என்றால், லீன் தொகையில் 125 சதவீதத்துக்கு ஒரு பாண்ட் வாங்கிப் பதிந்து வீட்டை விடுவித்துக்கொள்ளலாம்.

எங்கள் வேலையில் நோட்டீஸ் பதிந்த 26ஆம் நாள் டைல்ஸ் கடையின் கடைசி ரிலீஸ் படிவம் வந்தது. நான் கிழித்துப் போட்ட முதல் கடிதம் அவர்களுடையதுதானாம். நகல் கேட்டபோது கடைக்காரப் பெண் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. நகல்களுக்கென்றே தனி டப்பா வைத்திருக்கிறார்.